சைலன்சரை இன்ஜின் ஹெட்டில் பிடிக்கும் ஸ்டட் (மரை போட்ட கம்பி) ஹெட் மட்டத்தோடு ஒடிந்துவிட்டது, வீட்டிலேயே எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் 'ஈஸி அவுட் செட் ஆர்டர் போட்டிருக்கேன்' என்று கேள்வியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒடிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டு, அதில் இறக்கி எதிர்ப்பக்கம் திருகி எடுக்கும் கருவிதான் ஈஸி அவுட். பார்சல் வந்தால் பிரிக்காதீர்கள்.

நீங்களும் என்னைப் போலத்தான் செய்திருப்பீர்கள். சேற்றில் ஓட்டிவிட்டு வந்து வண்டியைக் கழுவுவது, சைலன்சர் நட்டை மட்டும் வருசக்கணக்கில் தொடாமல் விடுவது, ஒருநாள் கழலவில்லை என்றதும் ராட்செட்டில் பைப்பைச் சொருகி ஏறி மிதிப்பது. ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம். இடையில் ஈரம் நின்றால் அரிப்பு பிடித்து மரை முழுக்க சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிவிடும்.

என்னுடையது 200 சிசி வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் ஸ்டட்டை விட்டுவிட்டு அதற்குச் சண்டைக்கு வருவீர்கள். தப்பு முழுக்க என்னுடையது. 8 எம்எம் ஸ்டட், ஹெட் மட்டத்துக்கு ஒடிந்தது. பிட் வழுக்காமல் இருக்க நடுவில் சின்னக் குழி போடும் சென்டர் பஞ்ச் அடிக்காமல் ஹேண்ட் ட்ரில்லை வைத்தேன். பிட் வழுக்கி, மெத்தென்று இருந்த அலுமினியப் பக்கம் சாய்ந்தது. அந்தக் கோணல் ஓட்டையிலேயே ஈஸி அவுட்டை இறக்கித் திருகினேன். 'டிக்'. அவ்வளவுதான். ஈஸி அவுட் கெட்டிப்படுத்திய ஸ்டீல், வளையாது, ஒடியும். உள்ளே ஒடிந்த பிறகு சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் சும்மா சுற்றும், இறங்காது.

சர்வீஸ் சென்டரில் ஹெட்டையே மாற்றச் சொன்னார்கள், 11,000 ரூபாய். கழட்டிய ஹெட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ஒண்ணு ஒடைச்சது பத்தாதுன்னு உள்ளார இன்னொன்னையும் ஒடச்சு வெச்சிருக்கீங்களா?"

"ஆமாங்ண்ணா."

"என்ன படிச்சிருக்கீங்?"

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியே ஆக வேண்டும்: நாலு வருசம் படித்த கல்லூரியில் லேத் மெஷினுக்கு ஆயுத பூஜை அன்றைக்குத்தான் துணியை எடுப்பார்கள். ரெக்கார்ட் நோட்டில் டேப்பின் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) படம் வரைந்து 10க்கு 9 வாங்கினேன். டேப்பைக் கையில் பிடித்தது கிடையாது. ஃபீஸ் மட்டும் ஒரு செமஸ்டருக்கும் குறையவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் பக்கத்துச் சந்தில் ஸ்பார்க் மெஷின் வைத்திருப்பவரிடம் அனுப்பினார். ஹெட்டை எண்ணெய்க்குள் முக்கி, செம்புக் கம்பியால் பொறி விட்டு, அந்த ஸ்டீல் துண்டை அரித்தே எடுத்துவிட்டார்கள். நான் கடித்து வைத்த மரை தேறவில்லை. 8.3 எம்எம் ட்ரில், ஹெலிகாயில் டேப், அதற்குள் புது மரையாக நிற்கும் கம்பிச்சுருள் காயில். எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய், புது ஹெட் கேஸ்கெட் தனி.

"முதல்லயே வந்திருந்தா நட்டு வெச்சு வெல்டு அடிச்சு அஞ்சு நிமிசத்துல எடுத்திருப்பேனுங்" என்றார் லேத் பட்டறைப் பெரியவர். நீங்கள் செய்ய வேண்டியது அதுதான். ஒடிந்த ஸ்டட் மேல் நட்டை வைத்து, அதன் ஓட்டை வழியாக உள்ளே வெல்டு அடிக்க வேண்டும். இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது, பயம் வேண்டாம். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். கொஞ்சம் ஆறியதும் மெழுகைத் தொட்டு, ஸ்பேனரில் முன்னும் பின்னும் கால் கால் சுற்றாக அசைத்து எடுங்கள். வண்டியில் வைத்தே அடிப்பதாக இருந்தால் பெட்ரோல் டேங்கை இறக்கிவிட்டு, பேட்டரி, இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) கப்ளர் இரண்டையும் கழட்டிவிடுங்கள்.

ஸ்டட் இரண்டு நட்டு ஏறும் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இதெல்லாம் கூட வேண்டாம். இரண்டு நட்டை எதிரெதிராக இறுக்கி, அடி நட்டைத் திருப்பிப் பாருங்கள். முந்தின ராத்திரியே அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற வையுங்கள். தீப்பிடிக்கும் சரக்கு, வெல்டோ, சூடு காட்டும் கேஸ் டார்ச்சோ பிடிக்கும் முன் நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

'நான் ஈஸி அவுட்லயே பத்து ஸ்டட் எடுத்திருக்கேன்' என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: எடுத்திருப்பீர்கள், நடுவில் ஓட்டை போடத் தெரிந்த கை உங்களுடையது.

அதற்கு மேலும் ஈஸி அவுட்தான் வேண்டும் என்றால் அந்த ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள். என் செட்டைத் தருகிறேன், ஒரு சைஸ் மட்டும் குறையும்.