ஏற்றினால் மணக்காத மெழுகுதிரி

கேள்வி: வெள்ளவத்தையில் மாடி வீடொன்றில் வசிக்கிறேன். சோயா மெழுகோடு தேங்காய் எண்ணெயும் கறுவா எண்ணெயும் கலந்து, கண்ணாடிக் குவளையில் மெழுகுதிரி வார்த்தேன். மூடியைத் திறந்தால் மணக்கிறது. ஏற்றினால் ஒன்றுமே இல்லை. மேற்பரப்பில் எண்ணெய் முத்து முத்தாக வியர்க்கிறது. வாசனை எண்ணெயைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். மெழுகு தன்னால் தாங்க முடியாத எண்ணெயைத்தான் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

முதலில் தேங்காய் எண்ணெயை விட்டுவிடுங்கள். அது 24 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். குளிர்நாட்டுச் செய்முறைகளில் அது சரிவரும். கொழும்பில் இரவில்கூட அறை பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். ஆகவே உங்கள் குவளைக்குள் அது உறையாமலே கிடந்து கசிகிறது. மெழுகு இளகலாகத் தோன்றினால் பத்தில் ஒரு பங்கு தேன்மெழுகு சேருங்கள். அது 62 பாகைக்குக் கீழே உருகாது.

மணத்துக்கு வருவோம். சுடர் மணம் தருவதில்லை, தன்னிடம் வரும் மணத்தை எரித்துவிடுகிறது. அறையில் பரவும் வாசனை, சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகிலிருந்து எழுவது. ஏற்றி மூன்று மணி நேரம் கழித்துக் குனிந்து பாருங்கள். நடுவில் மட்டும் கிணறு போலக் குழி விழுந்து, ஓரமெல்லாம் வெள்ளைச் சுவராக நின்றால் உங்கள் திரி மெலிது. ஏழு சென்ரிமீற்றர் அகலக் குவளையில் அந்நேரத்துக்குள் உருகல் ஓரத்தைத் தொட வேண்டும். அடுத்த பருமனுக்கு மாறுங்கள், ஒரு படி மட்டும். மிகத் தடித்தால் சுடர் துள்ளும், புகை கக்கும், கண்ணாடி கொதிக்கும். பூசை விளக்குத் திரி இதற்கு உதவாது. பருத்தியில் பின்னிய மெழுகுதிரித் திரியே வேண்டும்.

எண்ணெயைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுங்கள். 200 கிராம் மெழுகுக்கு 12 கிராம், அதாவது 6 வீதம், தொடக்கத்துக்குப் போதும். கறுவா எண்ணெய் வாங்கும்போது இலையா பட்டையா என்று கேளுங்கள். இலை எண்ணெயில் யூஜினோல் என்னும் மணப்பொருள் மிகுதி, அதனால் கராம்பு வாடை தூக்கலாக இருக்கும். கறிக்குப் போடும் கறுவாவின் இனிப்பு மணம் பட்டை எண்ணெயில்தான் உண்டு. இரண்டுமே தோலை எரிக்கக்கூடியவை என்பதால் கையுறை அவசியம். உடலில் தெளிக்கும் வாசனைத் திரவியத்தை ஊற்றவே ஊற்றாதீர்கள். அதிலுள்ள மதுசாரம் தீப்பற்றும்.

மெழுகை நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். 80 பாகையை எட்டியதும் இறக்கி, எண்ணெயை விட்டு இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறி, 60 பாகையளவுக்கு ஆறியதும் வார்க்கலாம். எப்போதாவது மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

வார்த்த மறுநாளே ஏற்றிப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். சோயா மெழுகுக்கு மூடிய நிலையில் இரண்டு வாரம் கொடுங்கள். சோதிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கடற்காற்று வரும் யன்னலையும் சாத்துங்கள். காற்று மணத்தை அள்ளிப் போவதோடு சுடரையும் சாய்த்துக் குவளையில் கரி படிய வைக்கும்.

அடுத்த முறை ஒரே மெழுகில் மூன்று சிறு குவளைகள் வாருங்கள், திரி மட்டும் மூன்று பருமனில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் திரியின் அளவையும் வார்த்த திகதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.