ஐந்தாண்டு என்பது யாருக்கு?

கேள்வி: எங்கள் ஊராட்சி மன்றத் தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. 2025-ஆம் வருஷமே முடியப் போகிறது, தேர்தலைக் காணோம். சட்டமன்றத் தேர்தலுக்கு இப்போதே ஓடியாடி வேலை பார்க்கிற தேர்தல் ஆணையம் எங்கள் ஊர் விஷயத்தில் மட்டும் ஏன் தூங்குகிறது? இன்னொன்று, தலைவர் இல்லாமலும் தெருவிளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது. அப்படியானால் இந்தத் தேர்தல் அவசியம்தானா?
(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: முதலில், திட்டைச் சரியான முகவரிக்கு அனுப்புங்கள். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவத்தோடு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்காக வந்தவர். உள்ளாட்சித் தேர்தலுக்கும் அந்த ஆணையத்துக்கும் சம்பந்தமில்லை. அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதற்கு ஆள், பணம், எந்தத் தலைவர் பதவி யாருக்கு ஒதுக்கீடு என்ற அறிவிப்பு, எல்லாம் மாநில அரசு கொடுத்தால்தான் உண்டு. தூங்குகிறது என்று நீங்கள் சொல்வது, படுக்கப் போட்டவர்களை விட்டுவிட்டுப் படுத்திருப்பவரை வைவது போல.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சட்டமன்றத்தின் ஆயுள் முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து ஐந்தாண்டு, அதற்கு மேல் கிடையாது என்கிறது அரசமைப்பின் 172-ஆவது பிரிவு. ஊராட்சிக்கான 243E பிரிவும் இதையேதான் சொல்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்றும், நடுவில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்றும் கூடுதலாக எழுதி வைத்திருக்கிறது. அதாவது எம்எல்ஏவுக்குப் போட்ட பூட்டைவிட உங்கள் தலைவருக்குப் போட்ட பூட்டு பெரியது. தள்ளிப் போடுவார்கள் என்று தெரிந்தேதான் அப்படி எழுதினார்கள். வார்டு எல்லை வரையறை முடியவில்லை என்பதெல்லாம் சாக்காகாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே, அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது. 2022-இல் மத்தியப் பிரதேச வழக்கில் மறுபடியும் சொன்னது.

பிறகு ஏன் பெரிய பூட்டு உடைகிறது, சின்னப் பூட்டு நிற்கிறது? தேர்தல் நடக்காவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று யோசியுங்கள். 2021-இல் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் முதலில் கூடியது அந்த வருஷம் மே 11. ஆக 2026 மே 10-ஆம் தேதியோடு அதன் கதை முடிந்தது. அதற்குள் புதுச் சட்டமன்றம் வராவிட்டால் அதிகாரம் சென்னையை விட்டு டெல்லிக்குப் போய்விடும். எந்த முதலமைச்சர் அதற்குச் சம்மதிப்பார்? மாநிலங்களவையைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 18 இடங்களில் ஆறு, 2025 ஜூலை 24-ஆம் தேதியோடு காலியாயின. ஜூனிலேயே ஆறு பேரைத் தேர்ந்தெடுத்துத் தயாராக வைத்துவிட்டார்கள். ஒருநாள்கூடத் தாமதமில்லை.

ஊராட்சியில் தலைகீழ். அங்கே நாற்காலி காலியானால் அதிகாரம் மேலே, தேர்தலை நடத்த வேண்டிய அரசின் கைக்கே வந்து சேர்கிறது. தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர் வருகிறார். தாமதத்தால் லாபம் அடைகிறவரிடமே தாமதிக்கும் வசதியையும் கொடுத்து வைத்திருக்கிறோம். இதில் கட்சி வித்தியாசம் கிடையாது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல், அதிமுக ஆட்சியில், மனுத் தாக்கல் முடிந்த கையோடு உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. பழங்குடியினர் ஒதுக்கீடு சரியில்லை என்று வழக்குப் போட்டது திமுக. பிறகு தனி அலுவலர்களின் காலத்தை ஆறாறு மாதமாக நீட்டிக்கொண்டே போனார்கள். 27 மாவட்டங்களின் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல். புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் வரையறை முடியவில்லை என்று விட்டுப்போன 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். கணக்குப் போட்டுப் பாருங்கள், நகரவாசிகளுக்குக் கவுன்சிலர் இல்லாத காலம் ஐந்து வருஷத்துக்கும் மேல். ஒரு முழுப் பதவிக்காலமே ஆவியாகிவிட்டது. சென்னைக்காரர்களுக்கு இது பழகிய விஷயம்தான். 1973-இல் கலைத்த மாநகராட்சிக்கு அடுத்த தேர்தல் 1996-இல்தான் வந்தது.

இப்போது உங்கள் மாவட்டத்துக்கு 2025 ஜனவரி, விழுப்புரத்துக்காரருக்கு 2026 அக்டோபர், நகரங்களுக்கு 2027 மார்ச் என்று மூன்று நாட்காட்டி ஓடுகிறது. எல்லாவற்றையும் சேர்த்து நடத்துங்கள், அதுவரை எங்களையே நீட்டியுங்கள் என்று முன்னாள் தலைவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்பது இயல்பு. ஆனால் 'அதற்கு மேல் கிடையாது' என்பது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சரி, தெருவிளக்கு எரிகிறதே என்கிறீர்கள். எரியட்டும். அணைந்தால் யாரிடம் போவீர்கள்? உங்கள் ஊராட்சியின் தனி அலுவலர் இப்போது வட்டார வளர்ச்சி அலுவலர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு 32 ஊராட்சி. அத்தனை ஊருக்கும் அவர் ஒருவரே தலைவர். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோனால், முன்பு தலைவரை டீக்கடையில் பிடித்து நாலு பேர் முன்னால் கேட்பீர்கள். அவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட்டால் காசோலை தயார். போடாவிட்டால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அந்த அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் ஓட்டுக்கு அவர் பயப்பட வேண்டியதில்லையே.

நீங்கள் 2019-இல் போட்ட ஓட்டுகளை மறந்துவிட்டீர்களா? வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நாலு சீட்டு, நாலு பேர். நாலு பேருமே இன்று பதவியில் இல்லை. அந்த இடங்களில் பாதி பெண்களுக்கு. 2021-இல் சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள்தான் போனார்கள். ஜனவரி 5 அன்று நாற்காலியை விட்டு இறங்கிய பெண்களோ ஆயிரக்கணக்கில். மேலே இடம் கொடுக்காதவர்கள் கீழேயும் காலவரையில்லாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். 'தேர்தல் அவசியம்தானா' என்று கேட்கும் முன் இதையும் யோசியுங்கள். பணக் கணக்கும் உண்டு. சென்ற முறை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வைத்தார்கள்.

தலைவர் பதவிக்குத்தான் காலக்கெடு, கிராம சபைக்குக் கிடையாது. உங்கள் ஊர் வாக்காளர்கள் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். அதை யாராலும் கலைக்க முடியாது. அடுத்த கூட்டம் ஜனவரி 26. மார்ச் 22 கூட்டத்துக்குள் சட்டமன்றத் தேர்தல் நடத்தை விதி வந்து, அது தள்ளிப்போனாலும் போகும். ஆகவே இதைத் தவற விடாதீர்கள். மூவாயிரம் பேர் வரை உள்ள ஊரென்றால் நூறு பேர் வந்தால் போதும், கூட்டம் செல்லும். 'எங்கள் ஊராட்சிக்கு உடனே தேர்தல் நடத்த வேண்டும்' என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள், ஊராட்சிச் செயலரிடம் நகல் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஓட்டுக் கேட்டு வருகிற எல்லா வேட்பாளரிடமும் அந்த நகலைக் காட்டி, தேதி என்ன என்று கேளுங்கள். 'விரைவில்' என்றால் விடாதீர்கள்.