அம்மம்மாவை வரைந்த கை

கேள்வி: ஐயா, என் மகன் பாடசாலையில் சித்திரப் பாடத்தில் எப்போதும் முதலாவதாக வந்தவன். அவன் வரைந்த அம்மம்மாவின் படத்தில் மூக்குத்தி கூட மின்னுகிறதென்று அயலவர்கள் வியந்தார்கள். இப்போது பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்குக் கொண்டுவந்த படங்களில் ஓர் உருவமும் இல்லை. சாம்பலும் நீலமுமாகப் பட்டைகள் மட்டுமே. நன்றாக வரையத் தெரிந்தவர்கள் ஏன் இப்படி வரைகிறார்கள்?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, வரையத் தெரியாதவர்களின் வேலை என்று ஒதுக்கிவிடாமல், வரையத் தெரிந்தவர் ஏன் உருவத்தை விடுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அரூப ஓவியத்தை, அதாவது உருவமற்ற ஓவியத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கமெரா வந்ததால் ஓவியருக்கு உருவம் தேவைப்படாமற் போயிற்று என்பார்கள். 1839இல் புகைப்படம் அறிமுகமானதற்கும் இதில் பங்குண்டு; ஆனால் அதன் பின்னரும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஓவியர்கள் பெரும்பாலும் உருவங்களைத்தான் வரைந்தார்கள்.

அரூப ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ரஷ்யர் வசிலி காண்டின்ஸ்கி சட்டம் பயின்றவர். மொஸ்கோவில் ஒரு கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியர் மொனேயின் வைக்கோற்போர் ஓவியத்தைக் கண்டபோது அது என்னவென்று அவருக்குப் புலப்படவில்லை. விவரப் பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொண்டார். தெரியாமற் போனது சங்கடமாக இருந்தாலும், அந்தப் படம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1896இல், முப்பதாவது வயதில், சட்டத்துறையை விட்டு ஓவியம் பயில மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கே ஒருநாள் அந்தி மங்கலில் தம் ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தவர், உள்ளிருந்து ஒளிர்வது போன்ற, முன்பின் கண்டிராத அழகிய படமொன்றைக் கண்டு திகைத்து நின்றார். அருகே சென்று பார்த்தால், அது அவரே வரைந்து, பக்கவாட்டில் சாய்ந்திருந்த படம். மறுநாள் பகல் வெளிச்சத்தில் எவ்வளவு முயன்றும் அந்த அழகு முழுதாகத் திரும்பவில்லை. படத்திலிருந்த பொருள்கள் அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தன. பொருள்களே தம் ஓவியங்களுக்குக் கேடு செய்கின்றன என்று 1913இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதினார்.

இது நமக்கும் நேர்வதுதான். கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில் நின்று கீழே பாருங்கள். பாறையடியில் நீர் கருமை கலந்த நீலமாக இருக்கும், சற்றுத் தள்ளிப் பச்சை. வாடைக்காற்று வீசும் மழைநாளில் எல்லாமே ஈயச் சாம்பலாகி, வானம் எங்கே தொடங்குகிறதென்றே தெரியாது. ஆனால் 'கடல்' என்ற சொல் மனத்தில் எழுந்ததும், பெயர்தான் தெரிந்துவிட்டதே என்று கண் ஓய்ந்துவிடுகிறது. அந்தச் சாம்பலின் நடுவே ஒரு வள்ளத்தை வரைந்தால் பார்ப்பவர் வள்ளத்தைப் பிடித்துக்கொள்வார். சாம்பல் வெறும் பின்னணியாகிவிடும். சாம்பலைத்தான் பார்க்க வைக்க வேண்டும் என்று விரும்பும் ஓவியர் வள்ளத்தை எடுத்துவிடுகிறார். திருவிழாவில் நாதஸ்வரக்காரர் தோடியை விரிக்கும்போது அது எதைப் பற்றியது என்று நாம் கேட்பதில்லை அல்லவா? காண்டின்ஸ்கியும் தம் படங்கள் பலவற்றுக்கு இசையிலிருந்தே பெயர் எடுத்தார்.

எல்லாருக்கும் காரணம் இதுவே அன்று. 1915இல் ஒரு கரிய சதுரத்தை வரைந்து, ரஷ்ய வீடுகளில் திருவுருவப் படம் வைக்கும் மேல்மூலையைப் போன்றதோர் இடத்தில் மாட்டிய ஓவியர் மலேவிச், ஓவியத்தையே புதிதாகத் தொடங்க விரும்பியவர்.

மகனிடம் 'இது என்ன?' என்று கேட்காமல், 'இதில் எதை வரையாமல் விட்டாய்?' என்று கேட்டுப் பாருங்கள். அவனிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: அப்படியானால் எதைப் பூசினாலும் அது ஓவியமாகிவிடுமா?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: ஆகாது. வெறுமையான அரூபப் படங்களும் ஏராளம் உள்ளன. உருவம் என்ற துணை இல்லாத இடத்தில் ஒரு கோடு விரலளவு தவறினாலும் முழுப் படமும் குலைந்துவிடும். மரங்களை வரைந்து வரைந்து, அவற்றின் கிளைகளிலிருந்து கோடுகளுக்கு வந்து சேர்ந்த டச்சு ஓவியர் மொண்ட்ரியான், இறுதிக்காலத்தில் நிறத்தாள் துண்டுகளை ஒட்டியும் பிரித்தும் இடம் மாற்றிப் பார்த்தே ஒவ்வொரு கட்டத்தையும் தீர்மானித்தார். 1944இல் அவர் இறந்தபோது முடிவுறாமல் நின்ற கடைசி ஓவியத்தில் அந்தத் துண்டுகள் இன்றும் ஒட்டியபடியே இருக்கின்றன.