மட்டக்களப்பு கல்லடியில் ஒரு பழைய கார் வாங்கப் பார்க்கப் போகிறேன். அதன் பவர் ஷட்டர்களை (சுவிட்சால் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடிகளை) எப்படிச் சரிபார்ப்பது?

கல்லடியில் கார் பார்க்கப் போகிறீர்கள் என்றதால் முதலில் ஒன்று: கடற்கரையோரம் நின்ற வாகனமென்றால் கண்ணாடியை விட வயரையும் சுவிட்சையும் கூடுதலாகச் சந்தேகியுங்கள். உப்புக்காற்று கனெக்டர்களில் பச்சைப் பாசிபோலக் களிம்பு கட்ட வைக்கும்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஒவ்வொரு கண்ணாடியையும் சாரதிப் பக்கச் சுவிட்சாலும் அந்தந்தக் கதவின் சுவிட்சாலும் முழுதாக இறக்கி ஏற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் சுவிட்ச் பழுது. அதற்குமுன் மற்றக் கதவுச் சுவிட்சுகளை நிறுத்தும் சாரதிப் பக்க லொக் பொத்தான் அமர்ந்திருக்கிறதா பாருங்கள்.

எதிலுமே அசையாவிட்டால், டோம் லைட்டை (காருக்குள் கூரையில் உள்ள விளக்கை) போட்டுவிட்டுச் சுவிட்சை அமத்துங்கள். வெளிச்சம் சற்று மங்கினால் மோட்டருக்குக் கரண்ட் போகிறது, எங்கோ இறுகியிருக்கிறது. மங்காவிட்டால் பியூஸ், சுவிட்ச், வயர், மோட்டர் பிரஷ் (மோட்டருக்குள் கரண்ட் கடத்தும் கரித்துண்டு) என்று தேட வேண்டும். கதவைத் திறந்து மூடும்போது வேலை செய்து நின்றால், பிணைச்சலருகே றப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கும்.

கண்ணாடி சரிந்து ஏறுவதும் கடகடச் சத்தமும் ரெகுலேட்டர் கேபிள் (கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கம்பி) போகப்போவதன் அடையாளம். அதற்குக் காசைக் குறைத்துக் கேளுங்கள். மெதுவாக மட்டும் ஏறினால் கண்ணாடி ஓடும் றப்பர் பள்ளத்தைத் துடைத்துச் சிலிக்கன் ஸ்ப்ரே அடித்தாலே பெரும்பாலும் போதும். கிறீஸ் பூசினால் மணல் ஒட்டிவிடும்.