தக், கூன், ஹூலிகன், கேங்ஸ்டர்: எல்லாருமே ரவுடிதானா?

தமிழில் நாம் எல்லாரையும் ரவுடி என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில், அவன் யாருக்காக, எதற்காக அடிக்கிறான் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் சட்டையைப் பிடித்து மிரட்டிவிட்டு, காசு கொடுக்காமல் போகிறவன் தக். கடையைக் காலி செய்ய வைக்க யாரோ கூலி கொடுத்து அனுப்பியவன் கூன், அதாவது நம் அடியாள். மேட்ச் தோற்ற வெறியில் கும்பலாக வந்து டம்ளர்களை உடைக்கிறவன் ஹூலிகன். அவனுக்குப் பணம் நோக்கமில்லை. தெரு முழுக்க மாதாமாதம் மாமூல் வாங்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் கேங்ஸ்டர்.

இவற்றில் தக் நம் நாட்டிலிருந்து போன சொல். இந்தியில் அதற்கு ஏமாற்றுக்காரன் என்று பொருள். வழிப்போக்கர்களோடு நண்பர்களைப் போலச் சேர்ந்து நடந்து, சமயம் பார்த்துத் துணியால் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்த தக் கூட்டங்களை 1830களில் வில்லியம் ஸ்லீமன் தலைமையில் ஆங்கிலேயர்கள் ஒடுக்கினார்கள். அந்தச் செய்திகளோடு சொல்லும் கப்பலேறியது. அங்கே போனதும் ஏமாற்று என்ற பொருள் உதிர்ந்து, முரட்டுத்தனம் மட்டும் தங்கிவிட்டது.

அப்புறம், தமிழ்நாட்டில் 1982இல் வந்த குண்டர் சட்டத்தில் உள்ள குண்டர் என்றால் உடல் பருத்தவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ரவுடியைக் குறிக்கும் குண்டா என்ற இந்திச் சொல்.