வாய்க்கால் ஓரத்து மனைகள்: நில அளவைக் கேள்வி பதில்

கேள்வி: மன்னார்குடிக்கு அருகில் ஒரு மனைப்பிரிவில் 1,200 சதுர அடி மனைக்கு முன்பணம் கொடுக்க இருக்கிறேன். வடக்கு எல்லையில் தூர்ந்துபோன ஒரு வாய்க்கால் உள்ளது. புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அரசு நில அளவை வரைபடத்தில்) அதன் அகலம் 20 லிங்க். நேரிலோ 6 அடிதான் இருக்கிறது. "தண்ணீர் வந்தே பல வருடம் ஆகிறது, குழாய் பதித்து மூடிவிடுவோம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: முன்பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். பத்திரத்தையும் பட்டாவையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுபவர்களே அதிகம். நீங்கள் புலப்படம் வரைக்கும் போயிருப்பது நல்ல காரியம். அளவைச் சங்கிலி ஒன்று 66 அடி, அதில் 100 லிங்க். ஆகவே 20 லிங்க் என்பது 13 அடிக்குச் சற்று மேல். நேரில் 6 அடிதான் என்றால், மீதி 7 அடி உங்கள் மனைக்குள் வந்திருக்கலாம், அல்லது எதிர்க்கரைக்காரரிடம் போயிருக்கலாம். இன்று கண்ணுக்குத் தெரிகிற கரையை வைத்து அதை முடிவு செய்யவே கூடாது.

உங்கள் சர்வே எண்ணின் படத்தோடு, வாய்க்காலின் சர்வே எண், எதிர்க்கரை நிலத்தின் சர்வே எண் ஆகியவற்றின் படங்களையும் எடுத்துக்கொண்டு, அளவைக்கு மனுச் செய்யுங்கள். அளவர் முதலில் இடம் மாறாத பழைய சர்வே கற்கள் இரண்டையாவது கண்டுபிடித்து, அவற்றுக்கு இடையிலான தூரம் படத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அது ஒத்துப்போன பிறகுதான் அங்கிருந்து வாய்க்காலின் இரண்டு ஓரங்களையும் குறிக்க வேண்டும். "கல்லே இல்லை" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். மண் நிரப்பிய மனைப்பிரிவுகளில் கல் பெரும்பாலும் தொலைவதில்லை, புதைகிறது. ஒரு மனைப்பிரிவில் நாங்கள் கணக்குப் போட்டுக் குறித்த இடத்தில் கடப்பாரையை இறக்கியபோது, மூன்றடி செம்மண்ணுக்குக் கீழே கருங்கல்லில் இடித்தது. மண்ணை விலக்கினால், தலையில் வெட்டிய அம்புக்குறி தேயாமல் கல் நட்ட இடத்திலேயே நின்றது. மனைக்காரர் போட்டிருந்த கம்பி வேலியோ அதைத் தாண்டி ஐந்தடி வாய்க்காலுக்குள் இருந்தது.

தண்ணீர் வராத வாய்க்கால் என்ற பேச்சுக்கு வருகிறேன். நம் டெல்டாவில் மேல்வயலின் வடிகாலே கீழ்வயலின் பாசன வாய்க்காலாக இருப்பதுண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வராத ஆண்டுகளிலும்கூட ஐப்பசி, கார்த்திகை மழை வராமல் இருப்பதில்லை. கோடையில் போய்ப் பார்த்து வாய்க்கால் செத்துவிட்டது என்று சொல்பவர், அடைமழையில் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். வருவாய்க் கணக்கிலும் வாய்க்கால் புறம்போக்கு என்பது ஆட்சேபனைக்குரிய புறம்போக்கு. தூர்ந்துவிட்டது என்பதற்காக அதன் வகைப்பாடு மாறிவிடாது. அதில் வீடு கட்டிக்கொண்டு பட்டா கேட்கவும் முடியாது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அகற்ற அறிவிப்பு வரும்போது, மனையை விற்றவர் உங்கள் பக்கத்தில் இருக்கமாட்டார்.

குழாய் பதிப்பதாகச் சொல்வதையும் ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடுவோம். சராசரி 6 அடி அகலமும் 3 அடி ஆழமும் உள்ள வாய்க்காலில் நீர் செல்லும் குறுக்குப் பரப்பு 18 சதுர அடி. இரண்டடி விட்டமுள்ள சிமென்ட் குழாயில் அது 3 சதுர அடிக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதுவும் வாய்க்கால் ஏற்கெனவே பாதியாகச் சுருங்கிய பின்னர் உள்ள கணக்கு! மீதித் தண்ணீர் மேல்வயல்களிலும், மண் நிரப்பாத மனைகளிலும், கடைசியில் உங்கள் தெருவிலும்தான் தேங்கும். பாதைக்காக வாய்க்காலைக் கடக்க வேண்டியிருந்தால் நீர்வளத்துறையின் அனுமதி பெற்று, அவர்கள் சொல்லும் அளவில் பாலம் கட்டுவதே முறை. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தையும், நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றையும் விற்பவரிடம் கேளுங்கள். வரைபடத்தில் வாய்க்கால் முழு அகலத்துடன் காட்டப்பட்டு, உங்கள் மனை அதற்கு வெளியே இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி: எங்கள் 2 மா (சுமார் 66 சென்ட்) நஞ்சையின் நடுவே வயல்வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. புலப்படத்தில் அது இல்லை. முழு நிலமும் எங்கள் பட்டா. வீடு கட்டுவதற்காக அதை மூடலாமா?
– வாசகி, கும்பகோணம் வட்டம்

பதில்: படத்தில் இல்லாததால் அது புறம்போக்கு அல்ல; ஆனால் மூடும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டதாகவும் கொள்ள முடியாது. கீழ்வயல்காரர்கள் 20 ஆண்டுகளாகத் தடையின்றி, தங்கள் உரிமையாகவே அதில் நீர் பாய்ச்சி வந்திருந்தால், 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. அவர்களை உட்காரவைத்துப் பேசி, வாய்க்காலை அதே அகலத்திலும் வாட்டத்திலும் உங்கள் வரப்போரமாகத் திருப்பிவிட்டு, அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பும் முன் மட்டம் பார்ப்பது அவசியம். அரையடி மேடாகிவிட்டாலும் நீர் ஏறாது. நஞ்சையை மனையாக மாற்றுவதற்கான அனுமதி தனி வேலை. நகர் ஊரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள ஊர்களில் அதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் 60 மனைகள் கொண்ட மனைப்பிரிவு வருகிறது. ஊராட்சியின் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து குடிநீர் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஏற்கெனவே 500 பேர் அந்தத் தொட்டியை நம்பி இருக்கிறோம். போதுமா?
– வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். உங்கள் 500 பேருக்கே 27,500 லிட்டர் தேவை. வீட்டுக்கு 4 பேர் என்று வைத்தால் 60 வீட்டுக்கு 240 பேர். அவர்களுக்கு இன்னும் 13,200 லிட்டர். தொட்டியை ஒரு நாளில் ஒன்றேகால் தடவைக்கும் மேலாக நிரப்பியாக வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் ஊற்றும், மோட்டாரும், மின்சார நேரமும் அதற்கு இடம் கொடுக்குமா என்பதைக் கிராம சபையிலேயே கேளுங்கள்.

ஒவ்வொரு மனையிலும் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்ற பதிலை மட்டும் ஏற்றுவிடாதீர்கள். கடலோரம் நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பாகிறது. கார்த்திகையில் இரண்டடி தோண்டினாலே நீர் ஊறும் மண்ணில், 1,200 சதுர அடிக்குள் கழிவுநீர்த் தொட்டியும் குடிநீர்க் குழாயும் அருகருகே வந்துவிடும். நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் உள்ள மனைகளுக்கு, கழிவுநீர் அதில் கலக்காதபடி நிபந்தனை விதிக்க அனுமதி தரும் அமைப்புக்கு அதிகாரம் உண்டு. வாய்க்காலோர மனைகளுக்கு அந்த நிபந்தனையை விதிக்கச் சொல்லி ஊராட்சியின் தீர்மானத்தை இப்போதே அனுப்பிவையுங்கள்; வீடுகள் எழும்பிய பிறகு கழிவுநீர்த் தொட்டியை இடம் மாற்ற யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.