இளையோர் காதல் நாவல்களில் ஹேடீஸும் பெர்செபனியும் ஏன் இத்தனை முறை வருகிறார்கள்?

கிரேக்கப் புராணத்தை மறுபடி சொல்லும் நாவல்களில் இந்த ஜோடியே அதிகம் தென்படுகிறதே, மூலக்கதையும் காதல் கதைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது கடத்தல் கதை.

நமக்குக் கிடைக்கும் பழைய விரிவான வடிவம், பழைய கிரேக்கக் கவி ஹோமர் பெயரில் வழங்கும், விளைச்சல் தெய்வமான டிமீட்டரைப் பற்றிய துதிப்பாடல். பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செபனியைப் பாதாள அரசன் ஹேடீஸ் தேரில் தூக்கிப் போகிறான். கடவுள்களின் அரசனான அப்பா ஜீயஸுக்கு இதில் சம்மதம். அம்மா டிமீட்டருக்குத் தெரியவே தெரியாது. அவள் கோபத்தில் பூமி விளையாமல் போகிறது. கடைசியில் மகள் திரும்பினாலும், பாதாளத்தில் மாதுளை விதையைத் தின்றுவிட்டதால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைப் பாதாளத்தில் கழித்தாக வேண்டும்.

பாடலில் பெரும்பகுதி தாயின் துயரம்தான். வலுக்கட்டாயமாக விதையைத் தின்ன வைத்தான் என்று பெர்செபனி தாயிடம் சொல்கிறாள். பாதாளத்தில் அவள் வாழ்க்கை எப்படிப் போனது? அதைப் பற்றிப் பேச்சு ரொம்பக் குறைவு. நாவலாசிரியர்கள் நுழைவது அந்த இடைவெளியில்தான். அங்கே அவளே விரும்பிப் பாதாளம் போகிறாள், தெரிந்தே மாதுளையைத் தின்கிறாள். வீட்டை விட்டு வெளியேறத் துடிக்கும் வயதில் இது பிடிக்காமல் போகுமா? அப்புறம், ஜீயஸோடு ஒப்பிட்டால் பெண்கள் விஷயத்தில் ஹேடீஸ் ரொம்பச் சாது!

எனக்கு உறுத்துவது, பல நாவல்களில் டிமீட்டர் மகளை அடைத்து வைக்கும் வில்லியாகிவிடுவது. கடத்தலை மறைக்காமல், அவள் அரசியாக வளர்ந்ததைச் சொல்லும் மறுகதைகளே மேல். அதற்கு மூலத்திலும் ஆதாரம் உண்டு: ஹோமரின் ஒடிசி காவியத்தில், பார்த்தவரைக் கல்லாக்கும் கோர்கன் அரக்கியின் தலையைப் பெர்செபனி அனுப்பிவிடுவாளோ என்று பயந்துதான், பாதாளம் போன நாயகன் ஒடிசியஸ் கப்பலுக்குத் திரும்புகிறான்.